பனிப்புயலும் காஞ்சி இட்டலியும்



எங்கள் ஊர் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர். ஏரியால் பெயர் பெற்ற ஊர் அது. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று வழங்கியதே பிற்காலத்தில் தென்னேரி என மருவிற்று என்பர். அவ்வூரில் என் வீட்டுத் திண்ணை ஒன்று உண்டு. பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், மாலை வேளையில் அத்திண்ணையே என் வகுப்பறை. ஆனால் அங்கே ஆசிரியன் நான் அல்லன். நண்பர் இருவர் வருவர். ஒருவர், கிளை அஞ்சலகத்தில் பல்லாண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றவர். மற்றொருவர் பட்டு நெசவாளர். மூவரும் ஒத்த வயதினர். ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

2022ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், தை பிறந்து நான்காம் நாள் மாலை, மூவரும் பேசிக்கொண்டிருந்தபோது அஞ்சலக நண்பரின் கைப்பேசி ஒலித்தது. கனடா நாட்டின் டொரன்டோ நகரில் வாழும் அவருடைய மகள் பேசினாள். நமக்கு மாலை, அங்கே காலை. கைப்பேசியின் சிறு திரையில் அவள் முகமும், அவளுக்குப் பின்னே ஒரு சாளரமும் தெரிந்தன. சாளரத்துக்கு அப்பால் வெண்மை ஒன்றைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"அப்பா, பனிப்புயல்! வாசற்கதவைத் திறக்க முடியவில்லை. பள்ளிக்கூடங்களெல்லாம் மூடிவிட்டார்கள். நாங்கள் வீட்டிலேயே பீட்சா செய்யப் போகிறோம். தோழிகள் இருவர் நேற்றே வந்து மாட்டிக்கொண்டார்கள்" என்று சிரித்தாள். அவள் பக்கத்தில் தோழியர் இருவர் மாவு படிந்த கைகளை உயர்த்திக் காட்டினர். எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

பனிப்புயல் என்றால் பனி கொட்டுவது மட்டுமன்று. காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் அல்லது அதற்கும் மிகுந்த வேகத்தில் வீச வேண்டும்; பறக்கும் பனியால் 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாமற் போக வேண்டும்; இந்நிலை நான்கு மணி நேரமாவது நீடிக்க வேண்டும். டொரன்டோ அமைந்துள்ள பகுதிக்குக் கனடா நாட்டு வானிலைத் துறையினர் வகுத்த வரையறை இது. அன்று அந்நகரின் சில பகுதிகளில் ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்துக்குப் பனி குவிந்தது. கார்டினர், டான் வேலி என்னும் இரு பெருஞ்சாலைகளையும் மூடிவிட்டனர்.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒரு கணக்கை மனத்தில் கொள்ளலாம். பொதுவாக, புதிதாக விழுந்த பனி 10 சென்டிமீட்டர் உருகினால் 1 சென்டிமீட்டர் அளவு நீராகும். அவ்வாறாயின் அரை மீட்டர்ப் பனி என்பது சுமார் 5 சென்டிமீட்டர் மழைக்கு ஈடு. இந்தக் கணக்கைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

அஞ்சலக நண்பர், "பீட்சா என்பதைக் கடையில் வாங்குவார்கள் என்றல்லவா எண்ணினேன், வீட்டிலும் செய்யலாமோ?" என்று கேட்டார். அவள் விளக்கினாள். கோதுமை மாவில் நீரும் உப்பும் ஈஸ்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துப் பிசைய வேண்டும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடும். கோதுமைப் புரதம் இரப்பரைப் போல் நீண்டு அவ்வாயுவைச் சிறைபிடிக்கும், மாவு உப்பும். பின்னர் வட்டமாகத் தட்டி, தக்காளிக் குழம்பைத் தடவி, பாலாடைக்கட்டியைத் தூவி, அடுப்பறைக்குள் வைத்துச் சுடவேண்டும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பின் வெப்பம் 400 டிகிரி செல்சியசுக்கும் மேல். அங்கே ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். வீட்டு அடுப்பில் அவ்வளவு வெப்பம் ஏறாது. பத்துப் பன்னிரண்டு நிமிடமாகும்.

"நம் இட்டலி மாவும் புளித்துத்தானே உப்புகிறது! அங்கே கோதுமைப் புரதம் செய்யும் வேலையை இங்கே உளுந்தின் கொழகொழப்புச் செய்கிறது. அவர்கள் சுடுகிறார்கள், நாம் ஆவியில் வேகவைக்கிறோம். வேறென்ன வேற்றுமை?" என்றேன் நான், பழைய வகுப்பறை நினைவில்.

அதுவரை வாய் திறவாதிருந்த நெசவாள நண்பர் கைப்பேசியின் பக்கம் குனிந்தார். "ஏம்மா, உங்கள் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அவள் சற்றுத் திகைத்தாள். "ஒரு பாட்டி, மாமா. தனியாக இருக்கிறார்கள்."

"இன்று காலையிலிருந்து அவர்களைப் பார்த்தாயா?"

"இல்லை, மாமா."

"பார்த்துவிட்டு வந்து மாவைத் தட்டு, அம்மா." அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் "சரி, மாமா" என்றாள், பேச்சு முடிந்தது.

இக்கேள்வி அவருக்கு ஏன் தோன்றிற்று என்பதை எங்களில் எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. நாங்கள் அறிவோம். அதனை உங்களுக்குச் சொல்லவே இன்று வந்தேன்.

2015ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழையை நம் நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் மாதத்திலேயே எங்கள் மாவட்டத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியே நீர் வழிந்தது. நிலம் இனி ஒரு துளியையும் குடிக்கமாட்டாத நிலையில், டிசம்பர் முதல் நாள் பெருமழை பிடித்தது. 2ஆம் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. முன்னர்ச் சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். அந்த 49 சென்டிமீட்டர் நீரும் பனியாக விழுந்திருந்தால் ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரம் நின்றிருக்கும். ஓட்டு வீடுகள் கூரையோடு மூழ்கியிருக்கும்.

அப்போது நான் தலைமையாசிரியன். ஓய்வு பெறச் சிறிது காலமே இருந்தது. மழைக்காலத் தொடக்கத்தில்தான் காலை இறைவணக்கக் கூட்டத்தில், பேரிடரை எதிர்கொள்ளும் வகை பற்றி மாணவர்களுக்கு நீண்ட உரை ஆற்றியிருந்தேன். மெழுகுவர்த்தி வையுங்கள், தீப்பெட்டியை நனையாமல் மூடி வையுங்கள், உலர்ந்த உணவுப் பொருள் வையுங்கள் என்றெல்லாம் எண்ணி எண்ணிச் சொன்னேன். டிசம்பர் முதல் நாள் மாலை மின்சாரம் நின்றது. என் வீட்டில் மெழுகுவர்த்தி இல்லை. சமையல் எரிவாயு உருளையும் அன்றே தீர்ந்தது. ஊருக்குச் சொன்னதை நான் என் வீட்டுக்குச் சொல்லவில்லை.

என் வீடு சற்று மேட்டில் உள்ளது. பொழுது சாயும் நேரத்தில் தாழ்ந்த தெருக்களில் நீர் புகுந்தது. ஒவ்வொரு குடும்பமாக மேட்டுக்கு வந்தனர். இருட்டுவதற்குள் என் வீட்டில் 17 பேர். அவர்களுள் எழுவர் சிறு பிள்ளைகள். அஞ்சலக நண்பர் கைவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். நெசவாள நண்பர் தம் மனைவியோடு முழங்கால் நீரில் நடந்து வந்தார். அவர் தலையில் ஒரு பெரிய பாத்திரம், வாய்ப்புறம் துணியால் கட்டப்பட்டிருந்தது.

"என்ன இது?" என்றேன்.

"மாவு, வாத்தியாரே. நேற்று இரவே காஞ்சி இட்டலிக்கு ஆட்டி வைத்தோம். குளிருக்குப் புளிக்காதோ என்று அடுப்போரம் வைத்திருந்தேன். நன்றாகப் பொங்கியிருக்கிறது" என்று சிரித்தார்.

காஞ்சி இட்டலி என்பது வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் பண்டம். பச்சரிசியையும் உளுந்தையும் சற்றுக் கரகரப்பாக ஆட்டிப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைப்பர். சாதாரண இட்டலியைப் போல் விரைவில் கெடாது, வழிப்பயணத்துக்கு ஏற்றது. மிளகும் சுக்கும் சேர்ந்திருப்பதால் மழைக்குளிரில் வயிற்றுக்கும் இதமானது.

எங்களிடம் குடலையும் இல்லை. மந்தாரை இலையும் இல்லை. வீட்டிலிருந்த தம்ளர்களையெல்லாம் எடுத்தோம். நெசவாள நண்பர் அவற்றில் நல்லெண்ணெய் தடவி, வாழையிலைத் துண்டுகளை இட்டு, முக்கால் அளவு மாவு ஊற்றினார். பரணில் கிடந்த உலர்ந்த தென்னை மட்டைகள் விறகாயின. புகை வீடெல்லாம் நிறைந்தது. அவர் அடுப்பருகே அமர்ந்து, பிள்ளைகளுக்கு விடுகதை போட்டுக்கொண்டே வேகவைத்தார். யார் முதலில் விடை சொல்கிறார்களோ அவர்களுக்கு முதல் இட்டலி என்றார். ஆனால் எல்லார்க்கும் ஒரே நேரத்தில் கொடுத்தார். வெளியே மழை ஓட்டின்மேல் அறைந்துகொண்டிருந்தது. உள்ளே சிரிப்பொலி. அன்றிரவு நாங்கள் பேசிய பேச்சை, உண்ட உணவை, இன்றும் நினைத்தால் நாவிலும் நெஞ்சிலும் சுவை ஊறுகிறது.

மறுநாள் மழை ஓய்ந்தபின் அவரோடு அவர் வீட்டுக்குச் சென்றேன். அவ்வீட்டு வாசலில் நான் நின்றுவிட்டேன்.

பட்டு நெசவுத் தறிகளுள் குழித்தறி என்பது ஒன்று. நெசவாளர் தரையளவில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறுவது ஆண்டுதோறும் நேரும் தொல்லை. அன்றோ குழி நிரம்பி, நீர் பாவுக்குமேல் ஏறியிருந்தது. மூன்று சேலைக்கு ஏற்றிய பாவு. இரண்டாம் சேலை பாதி நெய்யப்பட்டிருந்தது. கரையின் அரக்குச் சாயம் உடலின் மஞ்சளில் படர்ந்திருந்தது. சரிகையில் சேறு. நூல் அவருடையதன்று, பட்டும் சரிகையும் தந்தவருக்கு அவர் கணக்குச் சொல்லவேண்டும். சேலை முடிந்து சேர்ந்தால்தான் கூலி.

"இது எப்போது?" என்று கேட்டேன்.

"நேற்று மாலை. நாங்கள் புறப்படும்போதே நீர் பாவைத் தொட்டுவிட்டது. அறுத்து எடுக்கப் பார்த்தேன், நேரம் இல்லை. ஒரு கையில்தான் எடுக்க முடியும். மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன்."

"இரவெல்லாம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே!"

"வாத்தியாரே, பசித்த பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தறி போனதைச் சொன்னால், யாருக்கு இட்டலி தொண்டையில் இறங்கும்?"

என்னால் விடை கூற இயலவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளிடம் வினாக் கேட்டே பழகியவன் நான். அன்றிரவு 17 பேரில் ஒருவனாக அவர் கையால் உண்டேன், சிரித்தேன், "உன் தறி என்னவாயிற்று?" என்ற ஒரே ஒரு வினாவை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தறியைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் அவர் அந்த இரவைத் தனியே சுமந்திருக்க வேண்டியதில்லை.

குழி உலர்ந்து, தறி சீராகி, அவர் மீண்டும் மிதியில் கால் வைக்கப் பொங்கல் வந்துவிட்டது. அதுவரை நண்பர்கள் நாங்கள் இயன்றது செய்தோம். அது பெரிதன்று; காலந்தாழ்ந்து செய்ததும்கூட.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்றொரு நூல் உண்டு. இளந்திரையனைப் பாடிய நூல். காஞ்சிக்கு வழிநடந்து வரும் பாணனுக்கு வழியிலுள்ள மக்கள் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தில் விளைந்ததைக் கொடுத்து உண்பிப்பார்கள் என அந்நூல் கூறுகிறது. ஆயர் தினைச்சோறும் பாலும் தருவர். உழவர் நெற்சோறு தருவர். பீட்சாவும் இட்டலியும் அவ்வாறே. எந்நாட்டிலும் புயல் அடிக்கும். எந்நாட்டிலும் நண்பர்கள் அடுப்பைச் சூழ்ந்து அமர்வார்கள். அது மனித குலத்தின் நல்ல வழக்கம். ஆயினும், அடுப்பைச் சூழ்ந்தவர்களை எண்ணுவதோடு நில்லாமல், அங்கே வராதவர் யார் என்றும், வந்தவருள் எதையோ இழந்துவிட்டுச் சிரிப்பவர் யார் என்றும் பார்க்கவேண்டும்.

அன்று டொரன்டோவிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தபோது நமக்கு நள்ளிரவு நெருங்கியிருந்தது. அஞ்சலக நண்பர் அடுத்த நாள் காலை எங்களிடம் சொன்னார். தோழியர் மூவரும் மண்வாரியால் பனியை அள்ளி வழி செய்துகொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றார்களாம். பாட்டி நலமே. ஆனால் அவர்கள் வீட்டு வாசலைப் பனி அடைத்திருந்தது; உணவுப் பொருளும் குறைவு. பீட்சாவில் ஒன்று அங்கே சென்றதாம். பாட்டியின் வீட்டிலிருந்து ஆப்பிள் பணியாரம் ஒன்று இங்கே வந்ததாம்.

இதைக் கேட்ட நெசவாள நண்பர், "மாவு நன்றாக உப்பிற்றாமா?" என்று மட்டும் கேட்டார்.

மாணவச் செல்வங்களே, மழைக்காலம் வரும், வராமல் இராது. மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வாங்கி வையுங்கள். இதனை இப்போது என் வீட்டிலும் வாங்கி வைத்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவற்றோடு, உங்கள் தெருவில் தனியே இருப்பவர் யார், தாழ்ந்த வீட்டில் இருப்பவர் யார், நீரால் பிழைப்பை இழக்கக்கூடியவர் யார் என்பதையும் அறிந்து வையுங்கள். புயல் வந்தபின் கேட்கவேண்டிய வினாவை வருமுன்பே கேட்டு வைப்பது நன்று.