உப்பு மேல பழி போடுறதுக்கு முன்னாடி

உப்பளத்தில் நிற்கிற கால்ல வெடிப்பும் புண்ணும் வருவது புதுசில்லை. அதனாலேயே ஒரு நோய் நம்ம கண்ணுக்குத் தப்பிடுது.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத் தடிப்பு வரும். நம்ம நிறத்துக்குக் கருப்பாவும் தெரியலாம். பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது. பார்த்தா படை, மருந்து ஒவ்வாமை மாதிரியே இருக்கும். அது சிபிலிஸாக இருக்கலாம். பெரியவங்க மேகநோய்னு சொன்னது. அதுக்குச் சில வாரம் முன்னாடி பிறப்புறுப்பில் வலியில்லாத புண் வந்து ஆறியிருக்கலாம்.

தடிப்பும் தானா மறையும், கிருமி மறையாது. கர்ப்பிணிக்கு இருந்தால் வயித்துப் பிள்ளைக்கும் போகும். கைபேசியில் படத்தைப் பார்த்துக் களிம்பு வாங்காதீங்க. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பென்சிலின் ஊசியில் குணமாகும். துணைவரும் பரிசோதிக்கணும்.

விவரம் கேட்க 1097, கட்டணமில்லை.