காத்திருக்கும் தொட்டில்



அமெரிக்காவில் இருக்கும் என் பெண்ணும் மாப்பிள்ளையும், நம் நாட்டுக் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க மனுச் செய்து இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். போன மாதம்தான் ஒரு பெண் குழந்தையின் போட்டோ வந்தது. சம்மதம் தெரிவித்துவிட்டார்கள். மத்திய ஆணையத்தின் தடையில்லாச் சான்று, மாவட்ட மாஜிஸ்திரேட் ஆணை (2022 செப்டம்பருக்கு முன் கோர்ட் கொடுத்தது), பாஸ்போர்ட், விசா எல்லாம் இனிமேல்தான்.

'பரிசீலனையில் உள்ளது' என்று எத்தனையோ கோப்புகளில் எழுதியவன் நான். அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் தூங்காமல் இருக்கும் என்பது இப்போதுதான் புரிகிறது. ஆனாலும் தாமதத்தைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைக் கடத்தலையும் விற்பனையையும் தடுக்க 1993-இல் ஹேக் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 2003-இல் அதை ஏற்றது. ஒவ்வொரு கையெழுத்தும் குழந்தைக்குக் காவல்.

நான் சொல்ல வந்தது வேறு. மனுச் செய்த சமயம் அவர்கள் வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர், "தாத்தா பாட்டி ஏற்றுக்கொள்வார்களா?" என்று கேட்டாராம். பெண்ணால் உடனே பதில் சொல்ல முடியவில்லையாம். காரணம் நான்தான். "எந்தக் குலமோ, என்ன கோத்திரமோ" என்று முன்பு ஒரு நாள் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் போன் செய்து, "குழந்தைக்கு என் அம்மாவின் பெயரை வைக்கலாமா?" என்று கேட்டேன். வெகுநேரம் அவள் பேசவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

காத்திருக்கும் காலம் பெரியவர்களான நாம் மனத்தைத் தயார் செய்துகொள்ளவும்தான். உங்கள் உறவில் யாராவது இப்படிக் காத்திருந்தால், "எப்போ வரும்?" என்று தினமும் துளைக்காதீர்கள். "நம்மாத்துக் குழந்தை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.