பிள்ளைக்கு அளந்த மேசை

பாடசாலை மேசையின் பலகையைச் சமமாக வைப்பதா, சரித்து வைப்பதா, வாங்கை அதற்கு எவ்வளவு அண்மையில் இடுவது என்பனவெல்லாம் தச்சனுடைய காரியம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றை வைத்தியனுடைய காரியமாக்கியவர் சிலர். அவர்களுள் ஒருவர் பிரெடரிக் எரிஸ்மன்.

எரிஸ்மன் 1842ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலே பிறந்தவர். கண் வைத்தியம் பயின்றவர். சூரிச் பல்கலைக்கழகத்தில் 1867இல் வைத்தியக் கலாநிதிப் பட்டம் பெற்ற உருசியப் பெண்மணி நதேஸ்தா சுஸ்லோவாவை மணந்து, அவருடைய நாட்டுக்கே சென்று சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் குடியேறினார்.

அதே 1867இல், அந்நாளில் பிரசியாவைச் சேர்ந்திருந்த பிரெஸ்லோ நகரத்துக் கண் வைத்தியர் ஹெர்மன் கோன், 10,060 மாணாக்கரின் கண்களைச் சோதித்து ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அண்மையிலுள்ளவை மாத்திரம் தெளிவாகத் தோன்றும் கிட்டப்பார்வை, கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு இருவருக்கும் குறைவாகவே இருந்தது. உயர்தரப் பள்ளிகளிலோ நூற்றுக்கு 26 பேரிடம் காணப்பட்டது. எரிஸ்மனும் தாம் குடியேறிய நகரில் 4,000க்கு மேற்பட்ட மாணாக்கரைச் சோதித்தார். வகுப்பு உயர உயரக் கிட்டப்பார்வையும் பெருகுவதைக் கண்டார். மங்கிய வெளிச்சமும் உடலுக்குப் பொருந்தாத மேசையுமே இதற்குக் காரணம் எனக் கருதி, 1870ஆம் ஆண்டளவில் புதிய மேசையொன்றைத் தாமே வகுத்தார்.

அம்மேசையின் நுட்பம் பெரும்பாலும் ஓரிடத்திலே தங்கியிருக்கிறது. வாங்கின் முன்விளிம்புக்கும் மேசையின் விளிம்புக்கும் இடையில் வெளி இருந்தால், எழுதும் பிள்ளை அவ்வெளியைத் தன் முதுகை வளைத்தே கடக்க வேண்டும். முதுகு வளையத் தலை கவியும். தலை கவியக் கண் தாளை நெருங்கும். சிறிது நேரத்தில் மார்பும் மேசை விளிம்பிலே அழுந்தும். ஆகவே, வாங்கின் விளிம்பு மேசைக்குக் கீழே சற்று உட்புகுமாறு அமைத்து, இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தார் எரிஸ்மன். முதுகுக்குச் சாய்மானம் வைத்தார். பலகையைப் பிள்ளையை நோக்கிச் சரித்தார். அதனால் தாளின் மேல்வரியும் கீழ்வரியும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் அமைந்தன. பிள்ளையின் உயரத்துக்கேற்ப மேசையின் அளவும் வேறுபடுதல் வேண்டும் என்றார். எட்டு வயதுச் சிறுவனையும் பதினாறு வயது இளைஞனையும் ஒரே அளவு வாங்கில் இருத்துவது, இருவருக்கும் ஒரே அளவிற் சப்பாத்துத் தைப்பதற்கு ஒப்பாகும் அல்லவா?

ஆனால் இங்கே ஓர் இடையூறு நேர்ந்தது. இவ்வாறு நெருக்கி அமைத்த மேசையில் இருக்கும் பிள்ளை, ஆசிரியர் வரும்போது நேராக எழுந்து நிற்க இயலாது. மரியாதையும் முதுகெலும்பும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன எனலாம்! 1880களில் பியோத்தர் கொரத்கோவ் என்னும் உருசியர் இதற்கு வழி கண்டார். பலகையின் முன்பகுதியைக் கீல் வைத்து மடித்து உயர்த்தும்படி செய்தார். மடித்ததும் பிள்ளை தடையின்றி எழலாம். ஒருவர் இருக்கும் மேசையை இருவருக்கு உரியதாக்கிப் புத்தகத்துக்குத் தட்டும் அமைத்தார். பிள்ளைகள் நிறைந்து பணம் குறைந்த பள்ளிகளுக்கு இத்திருத்தமே பெரிதும் உதவியது.

எரிஸ்மன் பின்னர் மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியற் பேராசிரியரானார். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளின் நிலையை ஆராய்ந்த குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1896இல் அரசாங்கம் அவரைப் பதவியினின்று நீக்கவே, சூரிச்சுக்குத் திரும்பி, அந்நகரின் சுகாதாரப் பணியிலே ஈடுபட்டு, 1915இல் காலமானார்.

மேசையைத் திருத்தினாற் கண் திருந்தும் என்று அக்காலத்தார் கொண்ட நம்பிக்கை சற்று மிகையானது என்றே இன்று சொல்ல வேண்டும். பரம்பரையும், அண்மையில் நோக்கி நெடுநேரம் படிப்பதும், திறந்த வெளியில் பகலொளியிற் கழிக்கும் நேரம் குறைவதும் கிட்டப்பார்வைக்கு ஏதுவாவதை இருபத்தோராம் நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டியுள்ளன. கண்ணைப் பற்றி எரிஸ்மன் நினைத்தது பாதியே சரி. வளைந்த முதுகையும் அழுந்திய மார்பையும் பற்றி அவர் சொன்னது பொய்க்கவில்லை.

சோவியத் வகுப்பறைகளில் அந்தச் சரிந்த மேசை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்தும் நிலைத்திருந்தது. பிறகு அதன் இடத்துக்குச் சமதளப் பலகையும் தனிக் கதிரையும் வந்தன. அவற்றைத் தூக்குவதும் அடுக்குவதும் எளிது.