சாம்பார் வாளியும் மொய் நோட்டும்



மலேசியாவின் கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம் என்றால் யாருக்கு என்ன வயது என்று கேட்க வேண்டியதில்லை. கையைப் பார்த்தால் போதும். சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடுகிறவனுக்கு இருபது. மொய் எழுதிவிட்டு, நாளைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று அவசரமாகக் கிளம்புகிறவருக்கு நாற்பது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களை ஒரே பாயில் உட்கார வைப்பவருக்கு அறுபது தாண்டியிருக்கும்.

நாற்பதுக்காரரைக் கஞ்சன் என்பார்கள். பாவம். நடுவயதின் பெரிய வேலையே அடுத்த தலைமுறையை ஆளாக்குவதுதான் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் எழுதினார். தோட்டத்தில் அதற்குப் பெயர் பள்ளி வேன் காசு.

பிரிக்பீல்ட்ஸ் சாலைக்குப் பெயர் தந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தனும் வயதுக்கு வயது வேறு மாதிரிதான் கொடுத்தார். தோட்டக் கூலியாக வந்து ரப்பர் தோட்ட முதலாளியானவரின் மகன் அவர். பிறந்தது 1919இல், சுங்கை சிப்புட்டில். முப்பத்தைந்து வயதில் அதே ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழக் காரணமானார். அப்போது கொடுத்தது பணம்; அது அவரிடம் இருந்தது.

அடுத்து வந்தது பணத்துக்கு அடங்காத சிக்கல். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தொழிலாளிக்கு ஒரே நாளில் வேலையும் போனது, லயத்து வீடும் போனது. தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் கசப்போடு சொல்வது இதைத்தான். தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளி அன்று பல நாள் கூலி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் கைக்கு வந்தது.

இப்படிப் பங்கு கட்டியது தருமமா, முதலீடா என்று வாதிடலாம். கெடாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அந்தப் பத்து வெள்ளியைக் கட்டினார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாதிட வேண்டும்.

1973இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சித் தலைமையை விட்டபோது சம்பந்தனுக்கு ஐம்பத்து நான்கு. ஓய்வு நாற்காலியில் சாயவில்லை. 1979இல் மறையும் வரை கூட்டுறவுச் சங்கத்துக்காக உழைத்தார். கடைசியில் கொடுத்தது நேரம்.

இன்று இங்கே பட்டம் வாங்கும் பட்டதாரிகள் இப்போது முதல் கட்டத்தில், சாம்பார் வாளி வயதில், இருக்கிறார்கள். பையில் சம்பளம் இல்லை, காலில் தெம்பு இருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் சாப்பாடு தயார். பரிமாற ஆள் போதவில்லை என்று சமையல்காரர் இருமுறை எட்டிப் பார்த்துவிட்டார். அங்கியை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும், சாம்பார் கறை லேசில் போகாது.