பாலில் கால்சியம் எங்கிருந்து வருகிறது?

சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்களுக்குத் தெரியும், காசு கொழுப்புக்கும் எஸ்.என்.எஃப். எனும் கொழுப்பில்லாத திடப்பொருளுக்கும்தான். அந்த எஸ்.என்.எஃப்.பில் புரதமும் பால் சர்க்கரையும் போக மிஞ்சுவதில் பெரும்பகுதி தாது உப்பு. 100 கிராம் பாலில் அது சுமார் 0.7 கிராம், கால்சியம் மட்டும் ஏறக்குறைய 120 மில்லிகிராம்.

இந்த அளவு மாட்டுக்கு மாடு மாறும். அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஹோல்ஸ்டீனைவிட ஜெர்சி பாலில் கால்சியமும் பாஸ்பரசும் கூடுதல். பாலின் கால்சியத்தில் மூன்றில் இரண்டு பங்கு கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஜெர்சி பாலில் கேசீன் அதிகம். எஸ்.எல்.சி.37ஏ1 என்ற மரபணுவைப் பாலின் பாஸ்பரஸ் அளவோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். அயோடின், செலினியம் கதை வேறு. அவை பெரும்பாலும் தீவனத்தைப் பொறுத்தவை.

கறவைக்கு மதுரை, சிவகங்கைச் சமவெளியில் ஜெர்சி கலப்புதான் அதிகம்.

"பரம்பரையே பார்த்துக்கொள்ளும் என்றால் தாது உப்புக் கலவை எதற்கு?" என்பீர்கள். தீவனத்தில் கால்சியம் குறைந்தாலும் பாலில் அவ்வளவாகக் குறையாது. மாடு தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும்! அந்த இழப்பை ஈடுகட்டத்தான் கலவை. சில சமயம் எலும்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும். கன்று ஈன்ற ஓரிரு நாளில் காது சில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் மடக்கி, எழ முடியாமல் மாடு படுத்தால் அது பால் காய்ச்சல். வயதான ஜெர்சிகளுக்கு இது அதிகம் வரும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே எழுந்துவிடும்.