செய்திக்கும் ஒரு சந்தா உண்டு

(வரதராஜன்பேட்டையில் நடந்த கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், நம் மடல் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

முந்திரிக்காட்டு வேலையை அரைநாள் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த அரைநாள் கூலி எவ்வளவு என்று எங்களுக்கும் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குத் தீர்மான நோட்டில் எழுத வேண்டியது ஒன்றுதான். நம் மாத மடலை இனியும் அச்சடிப்பதா, இல்லை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிடுவதா? பேப்பர் விலை ஏறிவிட்டது, அச்சுக்கூலியும் ஏறிவிட்டது. "போன்ல எல்லா நியூசும் சும்மாவே வருது, இதுக்கு எதுக்குங்க தனியா சந்தா?" என்று போன கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்ததில் எங்களுக்குத் தோன்றியதை இப்போது சொல்கிறோம்.

முதலில் நமக்கே நடந்த ஒரு கதை. 2021ஆம் ஆண்டு தமிழக அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் வாங்கியிருந்த நிலுவைக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. மொத்தம் ரூ.2,756 கோடி. இது உண்மையான செய்தி. ஆனால் நம் போனுக்கு வந்த வீடியோ என்ன சொன்னது? "மகளிர் குழுக் கடன் மொத்தமும் தள்ளுபடி, இனி யாரும் கட்ட வேண்டாம்!" என்றது. 'கூட்டுறவு' என்ற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார்கள். நம்மில் ஒரு குழுவின் கடன் கூட்டுறவில் இல்லை, வேறொரு வங்கியில் இருந்தது. அந்த வீடியோவை நம்பி மூன்று தவணை கட்டாமல் விட்டுவிட்டார்கள். பிறகு வட்டியோடு சேர்த்துக் கட்டினார்கள். அதனால் அடுத்த கடனும் தள்ளிப்போனது. மகளின் படிப்புக்கு அந்தக் கடனை நம்பியிருந்த ஒரு அம்மா, காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்தார்.

ஒரு வார்த்தை விட்டுப்போனதற்கு விலை ஒரு ஜோடித் தோடு. அந்த வீடியோ நமக்குச் சும்மா வந்ததா? நீங்களே சொல்லுங்கள்.

சரி, அந்த வார்த்தையை ஏன் விட்டார்கள்? தெரியாமலும் இருக்கலாம். ஆனால் அதில் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. யூடியூபில் ஒரு சேனல் நடத்துபவர் விளம்பரக் காசு பெற வேண்டுமானால், 1,000 பேர் அந்தச் சேனலில் சேர்ந்திருக்க வேண்டும். ஓராண்டில் அவர் வீடியோக்களை மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். குட்டி வீடியோ போடுபவர்களுக்குக் கணக்கு வேறு. அதன்பிறகு வருகிற விளம்பரப் பணத்தில் 100க்கு 55 ரூபாய் அவருக்கு, 45 ரூபாய் யூடியூபுக்கு. ஆக, எத்தனை பேர், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதுதான் அங்கே சரக்கு. "கூட்டுறவுக் கடனுக்கு மட்டும் தள்ளுபடி" என்று போட்டால் கொஞ்சம் பேர்தான் பார்ப்பார்கள். "மொத்தமும் தள்ளுபடி" என்றால் ஊரே பார்க்கும். நாம் பணம் கொடுக்கவில்லை, நேரத்தைக் கொடுத்தோம். அந்த நேரத்தை விற்று வேறொருவர் பணமாக்கிக்கொண்டார்.

பழைய பத்திரிகைகள் மட்டும் தர்மத்துக்கா நடந்தன என்று கேட்பீர்கள். இல்லைதான். நாம் கடையில் கொடுக்கிற காசு ஒரு நாளிதழை அச்சடிக்கக்கூடப் போதாது. மீதியை விளம்பரம்தான் தாங்கியது. அந்த விளம்பரத்தில் பெரும்பங்கு இப்போது கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் போய்விட்டது. அதனால்தான் விகடன் போன்ற பத்திரிகைகள் இணையத்தில் படிக்கவும் சந்தா கேட்கின்றன. ஊர் ஊராய்ப் போய் விசாரித்து எழுதுகிற நிருபருக்குச் சம்பளம் வேண்டுமே!

இணையத்தால் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. சுமார் இருபது வருடத்துக்கு முன் தமிழில் வலைப்பதிவு என்று ஒன்று பரவியது. 2004இல் தொடங்கிய 'தமிழ்மணம்' அந்தப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. அச்சகம் வேண்டாம், ஆசிரியரின் அனுமதி வேண்டாம். அடுப்படி வேலை முடித்த பெண்களும் உட்கார்ந்து எழுதினார்கள். ஆனால் அதில் வருமானம் பெரிதாக இல்லை. வேலை, குடும்பம் என்று ஆனதும் பலர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். எழுத ஆரம்பிக்கச் செலவில்லை, தொடர்ந்து எழுதத்தான் செலவு என்பதை நாங்கள் அதில் கற்றுக்கொண்டோம்.

அப்படித் தொடர்ந்து நடத்திக் காட்டிய பெண்களும் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் என்று ஒரு மாவட்டம். வறண்ட பூமி, சாதிக் கொடுமை நிறைந்த பகுதி. அங்கே 2002ஆம் ஆண்டு மே மாதம் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகையைக் கிராமத்துப் பெண்கள் தொடங்கினார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். அதிகம் படித்தவர்கள் இல்லை. 'நிரந்தர்' என்ற அமைப்பு பயிற்சி கொடுத்தது. தங்கள் ஊர்ப் பேச்சான புந்தேலியில் எழுதினார்கள். ஊர் ஊராகச் சுமந்து போய் அவர்களே விற்றார்கள். கெட்டுப்போன அடிபம்பு, வராத ரேஷன், போலீஸ் பதிய மறுத்த வழக்கு, இவைதான் அவர்களுக்குச் செய்தி. 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது கிடைத்தது. 2013இல் இணையதளம் தொடங்கினார்கள். பிறகு அச்சை நிறுத்திவிட்டு, போனைக் கையில் எடுத்து வீடியோச் செய்திக்கு மாறினார்கள். வாசகர் சந்தாவும் கேட்கிறார்கள்.

அவர்களைப் பற்றி எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' என்ற படம் 2022இல் ஆஸ்கர் போட்டிவரை போனது. அப்போதும் அந்தப் பெண்கள், "இந்தப் படம் எங்கள் கதையில் ஒரு பகுதியைத்தான் சொல்கிறது" என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தோடு எடுத்தவர்கள் சொன்னாலும் அடுத்தவர் சொல்லும் நம் கதை முழுசாக இருப்பதில்லை.

"அவங்களே அச்சை நிறுத்திட்டாங்களே, நாமும் நிறுத்தலாமே" என்று கேட்கலாம். நம் நிலைமையையும் பார்க்க வேண்டும். நம் குழுக்களில் வயதான உறுப்பினர் பலரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. பல வீடுகளில் நல்ல போன் மகன் சட்டைப்பையிலோ வீட்டுக்காரர் கையிலோதான் இருக்கிறது. மடல் என்றால் நம் பெயர் போட்டு நம் கைக்கு வருகிறது.

இன்னொன்றும் உண்டு. கனடாவில் 2023இல், செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று பெரிய இணைய நிறுவனங்களுக்குச் சட்டம் போட்டார்கள். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் பணம் கொடுப்பதற்குப் பதில் அந்த நாட்டில் செய்திகளையே நிறுத்திவிட்டது. பேஸ்புக்கை நம்பியே வாசகர்களைச் சேர்த்த சிறு பத்திரிகைகள் திண்டாடின. வாட்ஸ்அப்பும் அதே மெட்டாவுடையதுதான். அடுத்தவர் திண்ணையில் கடை போடலாம், தப்பில்லை. ஆனால் நம் சரக்கு மொத்தத்தையும் அங்கேயே வைக்கக் கூடாது.

ஆகவே எங்கள் யோசனை இதுதான்:

1. மடல் அச்சிலேயே தொடரட்டும். பக்கத்தைக் குறைத்துக்கொள்வோம். பண்ருட்டி முந்திரி விலை, கடன் அறிவிப்பு, நம் ஊர்ச் செய்தி, இவை போதும். போன முந்திரி சீசனில் மடலில் இருந்த விலையைக் காட்டித்தானே வியாபாரியிடம் கூடுதல் விலை கேட்டோம்!

2. அதே மடலைப் படித்துக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பிலும் அனுப்புவோம். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

3. குழுவுக்கு ஒருவர் செய்தியாளர். தன் தெருவில் நடந்ததை நாலு வரி எழுதித் தந்தால் போதும். பிழையை நாங்கள் திருத்திக்கொள்கிறோம்.

4. எந்தச் செய்தியையும் மூன்று கேள்வி கேட்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. யார் சொன்னது? எந்தத் தேதி? யாருக்குப் பொருந்தும்? இரட்டை அம்புக்குறியோடு வந்தால் பலமுறை கைமாறிய செய்தி என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் ஊக்குநரிடமோ வங்கியிலோ கேளுங்கள். அரசு அறிவிப்பு என்றால் 2023இல் அரசு அமைத்த தகவல் சரிபார்ப்பகத்தின் பக்கத்திலும் பார்க்கலாம்.

நான்காவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வத்தைக் கும்பிட வந்த ஒரு மூதாட்டி பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். "பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க" என்று போனில் பரவியிருந்த வதந்தியை நம்பியவர்கள் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த வதந்தியை அனுப்பியவர்களில் நம்மைப் போன்ற அம்மாக்களும் இருந்திருப்பார்கள். பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்பியிருப்பார்கள். அக்கறை இருந்தால் போதாது, விசாரிக்கவும் வேண்டும்.

கடைசியாகச் சந்தா. மாதம் 5 ரூபாய் கேட்கிறோம். குழு ஆரம்பித்த காலத்தில் "இந்தச் சின்னக் காசைச் சேர்த்து என்னத்தக் கிழிக்கப்போறீங்க?" என்று நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சின்னக் காசு சேர்ந்துதான் கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் நம்மைக் காத்தது. செய்தியிலும் அப்படித்தான். நாம் கொடுக்கிற காசில் நடந்தால்தான் அது நமக்குப் பதில் சொல்லும். தப்பாகப் போட்டால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். அந்த வீடியோக்காரரை எங்கே போய்த் தேடுவது?

தோட்டை அடகு வைத்த அந்த அம்மா இன்றைக்கும் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். தோட்டை மீட்டுவிட்டார். அவர்தான் முதல் சந்தாவை எங்களிடம் கொடுத்தார். "அன்னிக்கே யாராவது விசாரிச்சு எழுதியிருந்தா எனக்கு வட்டி மிச்சம்" என்றார். அதைவிடத் தெளிவாக எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி நீங்கள் பேசுங்கள். வேண்டாம் என்கிறவர்களும் தாராளமாகச் சொல்லுங்கள். பேசி முடித்துக் கை தூக்கிய பிறகு தீர்மானம் எழுதுவோம்.