சரபோசி மன்னரின் விந்தைக் கூடம்



ஐரோப்பிய அரசர் சிலர் அரண்மனையில் ஓர் அறை ஒதுக்கி, கடற்சங்கு, விலங்கின் கொம்பு, பழங்காசு, புதுமைக் கருவி என அரிய பொருள்களைத் திரட்டி வைத்தனர். அத்தகைய விந்தைக் கூடம் ஒன்றைத் தஞ்சையில் அமைத்தவர் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி.

1798இல் அரியணை ஏறிய அவர், மறு ஆண்டே உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சியைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். கோட்டையும் சுற்றுப்புறமுமே அவருக்கு எஞ்சின. அதே 1799இல்தான் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவின் நூலகம் கலைந்தது. ஐரோப்பியன் ஒருவனைக் கடிக்கும் அவருடைய மரப்புலிப் பொறி பின்னர் இலண்டனுக்குப் போயிற்று. எல்லைப்புறத்தவராகிய நமக்கு அந்தக் கதை பழக்கமானது. தஞ்சைக் கதை அவ்வளவாகத் தெரியாது.

பாதிரியார் சுவார்ட்சிடம் பயின்ற சரபோசி, ஐரோப்பிய மொழி நூல்களை ஆயிரக்கணக்கில் வாங்கினார். மின்பொறி, காற்றை வெளியேற்றும் கருவி, மரத்தால் செய்த மனித எலும்புக்கூடு ஆகியவற்றையும் தருவித்தார். ஆட்சி இழந்த மன்னரின் பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளுவோர் உண்டு. நான் உடன்படேன். கண்நோயாளிகளின் விழிகளை வண்ணத்தில் வரையச்செய்து, அளித்த மருத்துவத்தையும் குறித்துவைத்த ஏடுகள் சரசுவதி மகாலில் இன்றும் உள்ளன. விளையாட்டுக்குச் சேர்ப்பவர் நோயாளியின் கண்ணை இத்தனை கருத்தாகப் பார்ப்பாரா?

கவிஞர்களாகிய உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவரைத் தலைவராக்கிக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபால குறவஞ்சியை நாம் அறிவோம். மன்னர் தாமே மராத்தியில் இயற்றியதாக வழங்கும் தேவேந்திரக் குறவஞ்சியை அறிந்தோர் குறைவு. நம் குறத்தி தன் மலைவளத்தைப் பாடுவாள். அந்தக் குறத்தியோ உலகின் நிலவியலையே பாடுகிறாள்! கூடத்தில் சேர்ந்த புது அறிவுக்குத் தமிழ் மண்ணின் நாடக வடிவம் இடம் கொடுத்திருக்கிறது. தமிழும் தெலுங்கும் மராத்தியும் வடமொழியும் ஒருங்கே வழங்கிய அவை அது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கேட்கும் தளிச் சந்தையில் நின்றவர்க்கு இது வியப்பாயிராது.

1855இல் தஞ்சை அரசு முடிந்தது. 1918இல் நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குறத்தியின் பாட்டு மட்டும் நம் செவிக்கு எட்டவில்லை. மராத்தி அறிந்த ஒருவர் ஓசூர்த் தொழிற்பேட்டையில் கிடைக்காமலா போவார்? அவர் துணையோடு ஒரு பாடலையேனும் தமிழாக்கி அடுத்த கூட்டத்தில் பாடுமாறு வட்டத்தாரை வேண்டுகிறேன்.